ஏரிக்கரையில் விரித்த புத்தகங்கள்

புதுவாயலைப் பற்றி யாரும் புத்தகம் எழுதியதில்லை. சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே வருகிறவர்களுக்கு இது ஒரு கூட்ரோடு. இடப்பக்கம் திரும்பினால் பெரியபாளையம். நேரே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், அதைத் தாண்டி ஆரம்பாக்கம், ஆந்திர எல்லை. செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகனைப் பார்க்கப் போகிறவர்களின் கார்கள் இந்தப் பக்கத்துச் சாலைகளை நிறைக்கும். மற்ற நாட்களில் டிரெய்லர் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷிப்டு மாறும் நேரத்தில் டீக்கடை முன்னால் கூடும் ஒடிசா, பீகார் இளைஞர்கள். வெளியூர் உறவுக்காரர்கள் "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், எங்கள் ஊர்க்காரர்களே "என்ன இருக்கு, கம்பெனிதான்" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பதிலை என்னால் எப்போதுமே ஏற்க முடிந்ததில்லை. ஊருக்குத் தெற்கே ஆரணியாறு ஓடுகிறது. கிழக்கே அந்த ஆறு போய்ச் சேரும் பழவேற்காடு ஏரி, மேற்கே சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்துக் குன்றுகள். நடுவில் ஒன்றின் கலங்கல் தண்ணீர் அடுத்ததற்கு வரத்தாகும்படி வெட்டி வைத்த ஏரிகளும் தாங்கல்களும். இந்த நிலத்தின் பறவை, பாம்பு, கல், செடி எல்லாவற்றையும் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரே புத்தகத்தில் இல்லை. இங்கே ஒரு அத்தியாயம், அங்கே ஒரு அடிக்குறிப்பு என்று சிதறிக் கிடக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவற்றைத் தேடிப் படித்து, படித்ததை எடுத்துக்கொண்டு வயல்வெளியில் நடந்ததுதான் என் வாசிப்பு வாழ்க்கை.

அது தொடங்கியது தொண்ணூறுகளின் முற்பகுதியில். அப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. கவரைப்பேட்டைக்குச் சைக்கிளில் போய் புறநகர் ரயில் பிடித்தால், அது கொண்டுபோய் இறக்குகிற இடம் மூர் மார்க்கெட் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு, அங்கே பழைய புத்தகம் விற்றவர்களில் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறியிருந்தார்கள். ஊர் திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் எனக்கு அங்கேதான் கழிந்தது. அங்கே கிடைத்ததுதான் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம். 1941இல் முதலில் வந்த அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்பொன்று, அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டியிருந்தது.

என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். ஆனால் அந்தப் புத்தகத்தில் நுழைய அது போதுமாக இருந்தது. சாலிம் அலி பறவையின் அளவைச் சொல்லும்போது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பறவையை அளவுகோலாக வைக்கிறார். சிட்டுக்குருவி, புல்புல், மைனா, புறா, கவுதாரி, காகம், பருந்து என்று வரிசையாகப் போகும். பார்த்த பறவை மைனாவைவிடக் கொஞ்சம் பெரிதா, காகத்தைவிடச் சிறிதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பிறகு அது தண்ணீரில் நிற்கிறதா, மரத்தில் உட்காருகிறதா, தரையில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் அதற்கப்புறம்தான். வெயிலில் நிறம் ஏமாற்றும். அளவும் இடமும் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. பறவை பார்க்கப் புதிதாக வருகிற யாருக்கும் இன்றைக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான்.

எங்கள் ஏரியில் அந்தப் பாடம் பலித்த ஒரு காலை நன்றாக நினைவிருக்கிறது. நைட் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்குப் போயிருந்தேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த பருவம். மதகுக்கு அந்தப் பக்கம் ஆம்பல் இலைகள் தண்ணீரை மூடியிருந்தன. இலைகளின் மேல் ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. நீந்தவில்லை, நடந்தது. வாலைச் சேர்க்காமல் பார்த்தால் கவுதாரி அளவு. வால் மட்டும் உடம்பைவிட நீளமாக, வளைந்து தண்ணீரைத் தொட்டது. உடம்பு காப்பிக்கொட்டை நிறம், இறக்கை வெள்ளை, பின்கழுத்தில் பொன்மஞ்சள். அது காலைத் தூக்கி வைக்கும்போதுதான் விரல்களைப் பார்த்தேன். அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளம். ஒவ்வொரு விரலும் இலையின் மேல் அகலமாகப் பரவி உடம்பின் எடையைப் பகிர்ந்துகொள்வதால்தான் இலை அமிழாமல் நின்றது. நீளவால் இலைக்கோழி. பெண் பறவை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்து, முட்டைகளை அவற்றின் பொறுப்பில் விட்டுப் போகும் என்றும், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்தான் என்றும் அன்றைக்குப் படித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். எங்கள் குடும்பம் நீர்க்கட்டிக் குடும்பம். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்று பார்ப்பது தாத்தாவின் வேலையாக இருந்தது. அவருக்குப் பின் அப்பாவும் கொஞ்ச காலம் பார்த்தார். அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கூட புத்தகத்துல போட்டிருக்காங்களாடா?" என்றார். பிறகு அந்தப் பறவை கூடு வைப்பது எப்படி, அதன் முட்டை என்ன நிறம், தண்ணீர் எந்த அளவுக்கு இறங்கினால் அது ஏரியை விட்டுப் போகும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னவற்றில் பாதிதான் புத்தகத்தில் இருந்தது. மீதியைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன். அப்போது தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை.

தமிழில் இப்படி ஒரு புத்தகம் கிடைக்காதா என்ற ஏக்கம் நெடுநாள் இருந்தது. முதலில் அதைத் தீர்த்தவர் க. ரத்னம். தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டியவர், தமிழ்நாட்டுப் பறவைகள் பற்றித் தனி நூலே எழுதியவர். அதன்பின் க்ரியா பதிப்பகம் ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' நூலை வெளியிட்டது. சட்டைப் பையில் அடங்குகிற அளவு, தெளிவான படங்கள், தெளிவான தமிழ். ஒருவர் காட்டுயிர் ஆய்வாளர், இன்னொருவர் கவிஞர். இரண்டும் சேர்ந்ததால்தான் அப்படியொரு மொழி அமைந்தது என்று நினைக்கிறேன். வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அதே பதிப்பகம் கையேடு கொண்டுவந்தது. அதை நடத்திய க்ரியா ராமகிருஷ்ணன் 2020இல் கொரோனாவால் மறைந்தபோது, அகராதிக்காக அவரை நினைத்து எழுதியவர்கள் பலர். நான் இந்தச் சின்னக் கையேடுகளுக்காக நினைத்துக்கொண்டேன்.

கையேடுகள் பெயரைச் சொல்லித்தரும். பார்க்கச் சொல்லித்தருவது வேறு வகை எழுத்து. அதை எனக்குக் கொடுத்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றிப் பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' இன்றும் என் மேசையில் இருக்கிறது. புலியையும் யானையையும் தேடிக் காட்டுக்குள் போன அதே மனிதர், வீட்டுக் கூரையில் ஓடும் அணிலையும் வேலியில் உட்காரும் ஓணானையும் அதே அக்கறையோடு பார்த்தார். சரணாலயமோ தேசியப் பூங்காவோ இல்லாத எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பார்வை மிக முக்கியம். கம்பெனி காம்பவுண்டு சுவரின் ஓரத்திலும் கரிச்சான் கூடு கட்டும், மின்கம்பியில் பனங்காடை உட்காரும். அவற்றைப் பார்க்க யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

பழவேற்காட்டுக்கு வருகிறேன். எங்கள் பகுதியின் பெருஞ்செல்வம் அதுதான். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்குப் பக்கத்துச் சிறு பகுதிதான் நம்முடையது. நம் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் என்று வரலாற்றுப் புத்தகங்களில் பழவேற்காடு இடம்பெறும். கல்லறைகளில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்க இன்றும் வெளிநாட்டார் வருகிறார்கள். ஆனால் ஏரியைப் பற்றிய புத்தகம் எங்கே என்று தேடியபோது, நூலகத்தில் பழக்கமான ஒருவர் கொண்டுவந்து கொடுத்த நகல்தான் என் கண்ணைத் திறந்தது: சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்ட, பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவ ராஜ் எழுதிய பழவேற்காடு ஏரியின் உயிரினங்கள் பற்றிய சிறு நூல். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர் அவர். பல பத்தாண்டுகள் இந்த ஏரியிலேயே நின்று ஆராய்ந்தவர்.

அதில் கண்ணைப் பறிக்கும் வண்ணப்படங்களை எதிர்பார்க்க வேண்டாம். பெயர்ப் பட்டியலும் குறிப்புகளும்தான். ஆனால் அந்தப் பட்டியலோடு ஏரிக்குள் போனபோது அதன் அருமை தெரிந்தது. ஒரு கார்த்திகை மாதம் பொன்னேரி வழியாக அண்ணாமலைச்சேரிக்குப் போய், தெரிந்த மீனவர் ஒருவரின் படகில் ஏறினேன். ஏரியின் பெரும்பகுதியில் ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் அவர் துடுப்புப் போடவில்லை, கழியை ஊன்றித் தள்ளினார். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. எல்லோரும் அவற்றைத்தான் பார்ப்பார்கள். மீனவர் கழியின் முனையில் ஒட்டிவந்த சேற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதைப் பாருங்க தம்பி, அதுங்க இதுக்குத்தான் வருது" என்றார்.

கறுப்புச் சேறு. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்ததும் அதில் நூல்போன்ற செம்புழுக்கள் நெளிந்தன. அரிசி அளவுகூட இல்லாத சிப்பிகள், கண்ணாடிபோல் உடல் தெரியும் இறால் குஞ்சுகள். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் நீரையும் சேற்றையும் உறிஞ்சி, அலகின் ஓரச் சீப்புகளால் வடிகட்டித் தின்னும் பறவை. பெரிய பூநாரை இந்தச் சிற்றுயிர்களைத் தின்னும்; சிறிய பூநாரைக்கு நுண்பாசிதான் முக்கிய உணவு. சஞ்சீவ ராஜின் பட்டியலில் நான் வேகமாகத் தாண்டிப்போன புழுக்களும் சிப்பிகளும்தான் ஏரியின் அடித்தளம். பூநாரைகள் மட்டுமல்ல, மீனவர்களின் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் அந்தச் சேற்றின் மேல்தான் நிற்கின்றன. வெளியே வந்து உட்கார்ந்து அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன்.

அதே மீனவரிடம்தான் பாடு முறையைப் பற்றியும் கேட்டறிந்தேன். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தலைமுறைகளாக நடந்து வருகிறது. இதைப் பற்றி மீன்வள ஆய்வாளர்கள் நிறைய ஆங்கிலக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். முகத்துவாரம் மண்மூடும் பிரச்சினையும் அவர் வாயிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. கோடையில் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைத்துவிட்டால் கடல்நீர் உள்ளே வருவது நின்றுவிடும். உள்ளே இருக்கிற நீர் வற்றி உப்பு ஏறும். கடலில் பிறந்து ஏரியில் வளர வேண்டிய இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லாமல் போகும். ஆரணியாற்றில் வெள்ளம் வந்து வாயை உடைத்தால்தான் மூச்சு வரும். எங்கள் ஊருக்குத் தெற்கே ஓடும் ஆற்றில் தண்ணீர் வருவதற்கும் பழவேற்காட்டு இறாலுக்கும் உள்ள உறவு இது. எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இது இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும்.

இந்த ஏரியைப் பற்றிப் பேசும்போது ஸ்டோர்ஸில் என்னோடு வேலை பார்த்த ஒடிசா தம்பி ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர். மதிய இடைவேளையில் நான் பறவைக் கையேட்டைப் புரட்டுவதைப் பார்த்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "அண்ணா, இது எங்க ஊர்ல நிறைய" என்றார். சிலிகா ஏரிக்கரைக்காரர். அவர் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில்தான் மங்களாஜோடி. ஒரு காலத்தில் பறவைகளைச் சுட்டு விற்ற ஊர், இன்று அதே மனிதர்கள் படகோட்டி வழிகாட்டிகளாக இருந்து பறவைகளைக் காக்கும் ஊர். அடுத்த விடுமுறையில் அவரை அண்ணாமலைச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கரையில் நின்றதும் எனக்கு முன்னால் அவர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார், ஒடியாவில். நான் தமிழில் சொன்னேன். அன்றைக்கு என் நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதிய பக்கம் இருக்கிறது. எங்கள் பகுதியில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் இப்படி எத்தனை பேருடைய அறிவு யாரும் கேட்காமல் கிடக்கிறதோ.

கிழக்கே ஏரி என்றால் மேற்கே கல். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததை நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கண்ட கல்லாயுதங்கள் இன்னும் பெரிய கண்டுபிடிப்பு. ஃபூட் நிலவியல் துறையின் அலுவலர். ஆயுதம் தேடுவது அவருடைய அரசாங்க வேலை இல்லை. பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வட ஆர்க்காடு பகுதிகளின் நிலவியல் பற்றி 1873இல் அவர் எழுதிய அறிக்கைதான் எங்கள் மண்ணைப் பற்றி நான் படித்ததில் மிகப் பழையது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த சரளை மேடுகள், சத்தியவேட்டுப் பக்கத்துப் பாறை அடுக்குகள், கொசஸ்தலையாற்றின் பழைய வண்டல் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறார்.

அதைப் படித்த பிறகு எங்கள் ஊரில் ரோட்டுக்குக் கொட்டுகிற கிராவல் குவியலைக்கூட என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை. எத்தனையோ ஆயிரம் ஆண்டு ஆறு உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கற்கள் அவை. அதே வகை குவார்ட்சைட் கல்லை உடைத்துத்தான் அத்திரம்பாக்கத்து மனிதர் ஆயுதம் செய்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த விலங்குப் பற்களில் குதிரை இனமும் எருமை இனமும் உண்டு. இன்று சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு காலத்தில் காட்டுக்குதிரை மேய்ந்திருக்கிறது! ஊரின் வனவிலங்குகளைப் பட்டியலிட உட்கார்ந்தால் நான் இதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் 1985 முதல் இருக்கிறது. பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகிற பெற்றோர், ஒரு முறையாவது அங்கே அழைத்துப் போகலாம்.

பாம்புக்கு வருவோம். எங்கள் பக்கம் வயல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு இருக்கும். பாம்பைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்கு ஆசிரியராக இருந்தவர் செங்கல் சூளையில் வேலை செய்த இருளர் பெரியவர் ஒருவர். வரப்பில் எலி வளையைப் பார்த்து உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு புகுந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வாய்ப்பகுதி மண் வழவழப்பாக அழுந்தியிருக்கிறதா, எலியின் கால்தடம் புதிதாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ராமுலஸ் விட்டேக்கர் 1978இல் எழுதிய, இந்தியாவின் பொதுவான பாம்புகள் பற்றிய ஆங்கிலக் கையேடு கைக்கு வந்ததும் அவரிடம்தான் கொண்டுபோனேன். அதே ஆண்டில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பட்டது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதில் பிழைப்பை இழந்த இருளர்கள், அதே திறமையை விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு எடுக்கப் பயன்படுத்த வழி செய்த சங்கம் அது.

பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தே ஒவ்வொன்றாகச் சொன்னார். மண்ணுளிப் பாம்பின் படமும் கண்ணாடி விரியனின் படமும் உள்ள பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டினேன், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொண்டு சாதுவான மண்ணுளியை அடித்துக் கொல்வது எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கும். அவர் விரலால் தொட்டுக் காட்டினார்: விரியனின் முதுகில் சங்கிலிக் கண்ணிபோல் ஒழுங்கான மூன்று வரிசைப் புள்ளிகள், முக்கோணத் தலை. மண்ணுளிக்கு ஒழுங்கில்லாத திட்டுகள், கழுத்தும் தலையும் ஒரே தடிமன், குட்டை வால். "சத்தம் கேட்டா சந்தேகமே வேணாம் தம்பி, விரியன் சீறினா குக்கர் சத்தம்" என்றார். விஷப்பாம்பு கடித்தால் எந்த மந்திரத்துக்கும் போகக் கூடாது, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். கட்டுவிரியன் கடி வலிக்காது, தடமும் தெரியாது, அதனால்தான் தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள் அறியாமல் இறக்கிறார்கள் என்று அவர் சொன்னதையும் புத்தகத்தில் சரிபார்த்துக் குறித்துவைத்தேன்.

மக்களின் அறிவுக்கும் புத்தகத்துக்கும் உள்ள இந்த உறவு புதியதில்லை. தாமஸ் ஜெர்டன் நெல்லூரில் அரசு மருத்துவராக இருந்தபோது, அங்கே வாழ்ந்த யானாதி மக்களிடமிருந்து உயிரினங்களைப் பற்றிக் கேட்டறிந்தார். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூலில், அந்தந்தப் பகுதி மக்கள் வழங்கும் பெயர்கள் பல இருக்கின்றன. அவர் பெயரைத் தாங்கிய ஜெர்டன் கோர்சர் என்னும் பறவை அழிந்துவிட்டது என்று நம்பப்பட்டு, 1986இல் கடப்பா பக்கத்துப் புதர்க்காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. அந்தக் காட்டுக்கும் எங்கள் மேற்குப் பக்கத்து முள்காட்டுக்கும் பல செடிகள் பொது. பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி எழுதியதிலும், ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய பெரிய படநூலிலும், இந்தக் கரையோர மக்கள் சொல்லிக் கொடுத்தது எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். புத்தக அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

செடிகொடிகளில்தான் எனக்குத் துணை குறைவு. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரங்கள் நூல் (1915–1936) அறிஞர்களுக்கானது. விளக்கமே ஒரு தனி மொழி. சென்னை அருங்காட்சியகத்தின் பி. வி. மயூரநாதன் 1929இல் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் குறித்து எழுதிய பூக்கும் தாவரங்கள் நூல் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. அதையும் கையில் வைத்துக்கொண்டு முள்காட்டில் நடந்தால், பாலை, வீரை, காசான், களா, காரை, சூரை, சங்கஞ்செடி என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரியவரும். கிழக்குக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் இவை. ஆளுயரத்துக்கு மேல் போகாத இந்தக் காட்டை வருவாய்க் கணக்கில் பல இடங்களில் புறம்போக்கு என்பார்கள். கம்பெனிக்கு நிலம் தேடுகிற கண்ணுக்கு அது வெறும் முள்ளாகத் தெரியும். தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வந்தபோது, மேய்ச்சல் நிலமும் தாங்களே காத்து வளர்த்த காடும் போகிறதென்று ஊர் மக்கள் போராடினார்கள். அந்தக் காட்டில் என்னென்ன இருந்தது என்று காட்டத் தமிழில் ஒரு சிறு புத்தகம் இருந்திருந்தால் அவர்கள் பேச்சுக்கு இன்னும் பலம் கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயரிடப்படாத செடியை வெட்டுவது எல்லோருக்கும் எளிது.

ஆகவேதான் ஓய்வுபெற்ற பிறகு, இத்தனை காலம் ஓரங்களில் பென்சிலால் எழுதியதை எல்லாம் எடுத்து ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன். பக்கத்து அரசுப் பள்ளியின் பிள்ளைகள் சிலரும் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் கலங்கல் வழியாக எங்கே போகிறது, எந்த மாதம் எந்தப் பறவை, கரையில் என்ன மரம், அந்த ஏரியைப் பற்றி ஊரில் யாருக்கு நன்றாகத் தெரியும். கடைசிக் கட்டம்தான் எனக்கு மிக முக்கியம். என் அப்பாவிடம் கேட்டதில் எழுதாமல் விட்டவை இன்று யாரிடமும் இல்லை.

பறவைக் கணக்குக்கு ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு கைகொடுக்கிறது. ஒரே இடத்தில் நின்று குறைந்தது கால் மணி நேரம் பார்த்ததை எல்லாம் இ-பேர்ட் தளத்தில் பதிவேற்றினால், புதுவாயல் ஏரியும் உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிடும். செல்போன் வைத்திருக்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு வராத வேகம் அவளுக்கு வருகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு பதிவையும் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். இப்போது அவளே மற்றவர்களைச் சரிபார்க்கச் சொல்கிறாள்.

புதுவாயல், பெருவாயல் ஏரிகளின் பக்கங்கள் ஓரளவு முடிந்துவிட்டன. ஆரணியாற்றுக்கரைப் பக்கங்களைக் கவரைப்பேட்டையில் இருக்கும் நண்பர் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பாம்புகளுக்குப் பெரியவரின் பேரன் உதவுகிறான். எளாவூர், சுண்ணாம்புகுளம் பக்கத்துக் கரையோரத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அங்கே மீன்பிடிக்கிறவர்கள், உப்பங்கழியில் நண்டு பிடிக்கிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், எழுதத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சொன்னால் போதும், பிள்ளைகள் வந்து எழுதிக்கொள்வார்கள்.